காதுப் பக்கம்

என் மேஜையில், வருகைப் பதிவேட்டின் மேல், ஒரு பிளாஸ்டர் துண்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் துணிக்குப் போடும் நீலத்தின் நிறம். கடலூரில் நான் ஓவிய ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் மின்விசிறி வேகமாகச் சுற்றும். தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று மற்ற ஆசிரியைகள் நினைக்கிறார்கள். அந்த வேலையையும் அது செய்கிறது. வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படிதான் எப்போதும் வைப்பேன். நீலப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பள்ளம் மேடாகத் தெரியும். ஒரு பெண்ணின் வலது காதின் கீழ்ப்பாதி அது. மடல் இரண்டாகக் கிழிந்திருக்கும்.

அந்தக் காதுக்குரியவரை நாங்கள் மாடல் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். 2007இல், சிதம்பரத்தில் நான் சிற்பம் படித்த கல்லூரியில், மனிதத் தலை செய்து பழகும் வகுப்புக்கு மாதிரியாக உட்கார வந்தவர். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டிய வயது, மேடேறிய கன்ன எலும்பு, அகலமான நெற்றி. மரமேடை மேலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் ஈ மொய்த்தாலும் அசைய மாட்டார். வந்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் கட்டைவிரலை மையில் ஒற்றி வைப்பார். பிறகு விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். என் அம்மாவும் அப்பாவும் ரேஷன் கடையில் அப்படித் துடைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்பா முதுநகர் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதும் பேனாவால் கையெழுத்துப் போட்டதும் நான்தான் முதல். அதனால் என் பெயரை எங்கே எழுதினாலும் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன். களிமண் தலைக்கு மூக்குகூட வராத முதல் நாளிலேயே அதன் அடிப்பகுதியில் என் பெயரைக் கீறி வைத்திருந்தேன்.

ஓவியம் வரைபவர்களுக்கு ஒரு பக்கம் தெரிந்தால் போதும். சிற்பத்துக்குத் தலையின் எல்லாப் பக்கமும் வேண்டும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை மாடல் உட்கார்ந்திருக்கும் மேடையைக் கால் சுற்று திருப்புவோம். எங்கள் களிமண் தலைகள் இருந்த ஸ்டாண்டுகளும் சுழலும். அதே அளவுக்கு அவற்றையும் திருப்பிக்கொள்வோம். முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லியிருந்தார் ஆசிரியர். அக்கா தூக்கித்தான் கட்டினார். ஆனாலும் வலது பக்கம் ஒரு கற்றை மட்டும் எப்படியோ அவிழ்ந்து காதின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் நான் எழுந்து போய் அந்தக் கற்றையை ஊக்கு வைத்துக் குத்திவிட்டேன். அப்போதுதான் கிழிசலைப் பார்த்தேன். ஒருவரிடம் மாடு இழுத்துவிட்டது என்றார். இன்னொருவரிடம் பஸ் கம்பியில் மாட்டிக்கொண்டது என்றார். எது உண்மை என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அதன் வடிவம்.

அன்று மதியம் என் அருகில் வந்து நின்றார். "பாப்பா, அந்தக் காத மட்டும் ஒட்டுனாப்ல செஞ்சிடும்மா."

"இருக்கறதத்தான்க்கா செய்யணும். இல்லன்னா மார்க் போட மாட்டாங்க."

"அந்தத் தம்பி ஒட்டித்தான வெச்சிருக்கு. அதுக்கு மார்க் இல்லியா?"

பக்கத்து ஸ்டாண்டில் வேலை செய்த வகுப்புத் தோழனைத்தான் சொன்னார். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "காத மட்டுமா ஒட்டுனேன்? இருபது வயச கொறச்சிருக்கேன்க்கா. அதுக்காச்சும் ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றான். அக்கா அவன் செய்த தலையைச் சுற்றிவந்து பார்த்தார். "வயசக் கொறச்சது சரி. இது எங்க நாத்தனா மூஞ்சில்ல? டீய அவகிட்டயே வாங்கிக்க" என்றார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் செய்தது பொய், நான் செய்வது உண்மை என்ற எண்ணத்தில் இருந்தேன். அந்த வயதில் அந்த எண்ணம் ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டதைப் போன்ற நிமிர்வைக் கொடுத்தது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுத் திரும்பியபோது, என் களிமண் தலையின் மேல் போட்டிருந்த ஈரத்துணி சரியாக மூடப்படாமல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். காதுமடல் ஒட்டியிருந்தது. யாரோ இரண்டு பக்கத்தையும் சேர்த்து, பின்புறம் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருந்தார்கள். அக்கா அதற்குள் மேடைமேல் உட்கார்ந்திருந்தார், இரு கைகளையும் மடியில் மூடி வைத்தபடி. நகக்கண்ணில் களிமண். கம்பிக் கருவியை எடுத்து, அவர் பார்க்கும்படி நின்றுகொண்டு, மடலை மறுபடி பிளந்தேன். கோபத்தில் கை கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது. நிஜக் காதில் இருந்ததைவிட நீளமான கிழிசல். சரிசெய்ய நேரம் இருந்தது, செய்யவில்லை. ஆழமாக இருந்தால் நிழல் நன்றாக விழுந்தது.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அறுத்தவன்கூட இவ்ளோ நேரம் எடுத்துக்கலம்மா" என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாடும் பஸ் கம்பியும் அந்த ஒரு வரியில் பொய்யாகிவிட்டன என்பது அப்போது என் காதில் ஏறவில்லை.

மண் தலையைப் பிளாஸ்டருக்கு மாற்ற நாங்கள் கற்ற முறையில் ஒரு தலைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். மண்ணின் மேல் முதலில் நீலம் கலந்த பிளாஸ்டரை மெல்லியதாகப் பூச வேண்டும்; அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர், தடிமனாக. இறுகியதும் இரண்டாகப் பிரித்து, உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, அச்சுக்குள் சோப்புத் தடவி, மறுபடி சேர்த்துக் கட்டிப் புதிய பிளாஸ்டரை ஊற்றுவோம். பிறகு மழுங்கிய உளியால் அச்சை உடைத்து எடுக்க வேண்டும். வெள்ளை இருக்கும்வரை வேகமாகத் தட்டலாம். நீலம் தெரிந்ததும் கையை அடக்க வேண்டும். அதற்கு அடியில் முகம் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நாங்க ஐஸ ஒடைக்கிறோம், நீ மூஞ்சிய ஒடைக்கிற. சம்பளம் யாருக்கு ஜாஸ்தின்னு பாப்போம்" என்றார். மூக்கிலும் உதட்டிலும் என் உளி வழுக்கவில்லை. காதுமடலை மூடியிருந்த துண்டு முழுசாகக் கழன்று கையில் வந்தது. அவ்வளவு சுத்தமாக வந்ததில் பெருமைப்பட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டேன். தலையில், மடலின் பின்புறம் விரல்ரேகை அப்படியே பதிந்திருந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். என் பெயர் மட்டும் அடியில் இருந்தது.

ஆசிரியர் அதிகம் பேசாதவர். தலையைச் சுற்றிவந்து, வலது பக்கம் நின்று, "இந்தக் காதுலதான்மா வேலை இருக்கு" என்றார். கடலூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கவிருந்த மூன்று நாள் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தார். பரிசும் உண்டு. இதைக் கேள்விப்பட்டு மாடல் அக்கா என்னைக் குழாயடியில் நிறுத்தினார்.

"கடலூர்லயா வெக்கறீங்க? எம் பொண்ண அங்கதாம்மா குடுத்திருக்கு. தை மாசந்தான் கல்யாணம் ஆச்சு. சம்பந்தி வூட்டுக்குக் காது சமாச்சாரம் தெரியாது. மாட்டல் போட்டு, பூ வெச்சி மறைச்சிக் கல்யாணத்த முடிச்சிட்டேன். அவுங்க வந்து பாத்தா எம் பொண்ண மூளி மவளேன்னுதான் கூப்புடுவாங்க."

காது அறுந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் மூளி என்பார்கள். அது வெறும் அடையாளம் அல்ல, வசவு. நல்ல காரியத்தில் முன்னால் நிற்க விடமாட்டார்கள். எனக்கு அது தெரியாததல்ல. 

"ஒண்ணு ஒட்டிக் குடு. இல்லன்னா அந்தப் பக்கத்த செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிடு. ஒனக்கு என்னா நஷ்டம்?"

"பாக்கலாம்க்கா" என்றேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் திருத்தவில்லை.

கண்காட்சியின் முதல் நாள் காலை தலையைச் சுழலும் ஸ்டாண்டில் ஏற்றியதும் சுவர்ப் பக்கம் காது இருக்கும்படி ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். நல்ல தலைதான். ஆனால் மற்ற ஊர் மாணவர்களின் தலைகளுக்கு நடுவில் அதுவும் ஒரு தலை, அவ்வளவே. காது வாசலைப் பார்க்கும்படி திருப்பினேன். கதவு வழியாக வந்த வெளிச்சம் நேராகக் கிழிசலில் விழுந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு மாடல் அக்கா வந்தார். கடுகு நிறச் சேலை, வலது காதை மறைத்துக் கனகாம்பரம். தன் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ ஸ்டாண்டின் வலது பக்கம் போய், காதுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டார். மேடையில் உட்கார்வதைப் போலவே அசையாமல் நின்றார். வருகிறவர்கள் முகத்தை முன்னாலிருந்து பார்த்துவிட்டு, அவரையும் பார்த்து, "இவுங்கதான் போல" என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். இரண்டு மணி நேரம் அப்படி நின்றார்.

பத்தரை மணிக்கு அப்பா வேலைக்கு நடுவில் வந்தார். லுங்கியை மாற்றி வேட்டி கட்டியிருந்தார். என் பெயர் எழுதிய அட்டையைத் தொட்டுப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த எழுத்துகளின் உருவம் அவருக்குத் தெரியும். பிறகு அக்காவிடம், "உக்காருங்கம்மா, எவ்ளோ நேரம் நிப்பீங்க" என்றார்.

"இருக்கட்டும்ண்ணே. உக்காந்து உக்காந்துதான் இது ஆச்சு. ஒரு நாளு நிக்கிறேன்."

அப்பா என்னைத் தனியாக அழைத்து, "அந்தம்மா ஏன் அங்கயே நிக்கிது?" என்றார். "கூட்டம் இடிச்சித் தள்ளிடாம பாத்துக்குறாங்கப்பா" என்றேன். அவர் நம்பினார். அவரிடம் அதுவரை படிப்பைப் பற்றி நான் சொன்ன எதுவும் பொய்யாக இருந்ததில்லை.

நடுவர்கள் மூன்று பேர் பதினொன்றரைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர், "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். ஸ்டாண்டு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தள்ளிப்போனார். நடுவர்கள் குனிந்து காதைப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முதல் பரிசு எனக்கு என்று சொல்லிவிட்டார்கள். தேடிப் பார்த்தபோது அக்கா பஸ் ஏறப் போயிருந்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வகுப்புக்கு வந்தார். அது அவர் வேலை. புதிய தலை ஆரம்பித்தோம். முடியை இழுத்துக் கட்டி, கற்றை ஒன்றும் விழாமல் தானே ஊக்கு குத்திக்கொண்டார். தோழன், "என்னாக்கா, இன்னிக்கிக் காத மறைக்கல?" என்று கேட்டான். "எல்லாம் பாத்தாச்சு. இனிமே மறைச்சி என்னா ஆவப்போவுது" என்றார். கண்காட்சி நடந்த மற்ற இரண்டு நாளில் சம்பந்தி வீட்டார் வந்தார்களா, அந்தப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டார்களா, எனக்குத் தெரியாது. படிப்பு முடியும்வரை அவரோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.

அந்தத் தலை முதுநகரில் எங்கள் வீட்டில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் கூரை ஷீட்டு உடைந்து அதன்மேல் விழுந்தது. அப்பா துண்டுகளைப் பொறுக்கி முறத்தில் வைத்திருந்தார். மழையில் ஊறி, என் பெயர் இருந்த அடிப்பகுதி மாவாகிவிட்டிருந்தது. தகரப்பெட்டியில் கல்லூரிக் காகிதங்களுக்கு அடியில் கிடந்த இந்த நீலத் துண்டு மட்டும் தப்பியது. அதில் பள்ளத்தின் ஓரமாக, தலையில் நான் உப்புத்தாளால் தேய்த்து எடுத்த அதே இடத்தில், ஒரு கட்டைவிரலின் ரேகை தெளிவாக இருக்கிறது. அச்சு என்பதால் இடவலம் மாறியிருக்கிறது. மற்றபடி பதிவேட்டில் வைத்த அதே கைநாட்டு.

என் மேஜையும் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. காலையில் அறையைப் பெருக்கும் அம்மா தூசி தட்டும்போது, நிறம் அழகாக இருக்கிறது என்று, நீலப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் வந்ததும் அதைத் திருப்பிவிட்டுத்தான் பதிவேட்டைத் திறக்கிறேன். அதற்கு ஒரு கை போதும்.