சென்னியம்மாள் ஒடித்த வால்வுகள்

அர்த்தநாரிக்கு வேலை ஒட்டுவது. அவன் பெண்சாதி சென்னியம்மாளுக்கு ஒடித்துப் பார்ப்பது. எண்பத்திரண்டில் நாமக்கல்லுக்கு வெளியே, லாரி எஞ்சினுக்கு வால்வு செய்கிற பட்டறையில் இருவரும் இருந்தார்கள்.

புகை போகும் வால்வின் தலை எந்நேரமும் நெருப்பில் கிடப்பது. அதற்கு நிக்கல் உலோகம். தண்டுக்குச் சாதா எஃகு போதும். இரண்டையும் ஒட்ட ஒரு பழைய லேத்தை மாற்றி வைத்திருந்தார்கள். தலை சுழலும், தண்டு அதில் உரசும். உரசுகிற சூட்டில் செவந்து இளகும் பதம் பார்த்து, சுழற்சியை நிறுத்தி, நீளக் கைப்பிடியை இழுத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். எஃகு இளகிவிடும். நிக்கல் செவந்த பிறகும் விறைத்துக்கொண்டே நிற்கும். அதனால் அந்தக் கடைசி அழுத்துக்கு நல்ல பலம் தேவை.

இருபதுக்கு ஒன்றை எடுத்து வைஸ் இடுக்கியில் இறுக்கி, தண்டில் நீளக் குழாய் மாட்டி வளைப்பாள் சென்னியம்மாள். தண்டு வளைந்து ஒட்டு நின்றால் சரி. ஆறு வருஷத்தில் அவன் ஒட்டியது ஏழெட்டுத்தான் அவள் கையில் உடைந்திருந்தது.

அந்த ஆடியில் ஒரே நாளில் மூன்று, ஒட்டிலேயே உடைந்தன. லாரிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், மிச்சத்தை அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி குமாரசாமி. தலை கழன்று விழுந்தால் எஞ்சினே போய்விடும் என்று சொல்லி அவள் அன்றைய வால்வுப் பெட்டியை வெளியே விடவில்லை. அர்த்தநாரி மத்தியானச் சோற்றைத் திறக்காமலே தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்தான்.

உடைந்த முகத்தை அவள் வெயிலில் திருப்பிப் பார்த்தாள். ஓரம் சொரசொரவென்று பிய்ந்திருந்தது. நடுவில் மட்டும் வழவழப்பு. அங்கே பிடிக்கவே இல்லை. அழுத்துதான் பத்தவில்லை. நாலைந்து நாளாக அவன் சட்டையைக் கழற்றத் தடுமாறியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொட்டியடிக்குப் போனாள்.

"ஏனுங்க, தோளு வலிக்குதுங்களா?"

அவன் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கையத் தூக்க முடியல புள்ள. சொன்னா நீ வேலைக்கு உட மாட்டீன்னு இருந்துட்டேன்."

அவள் திட்டவில்லை. சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து அவன் இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்தாள். அன்று சாயங்காலம் வரை கைப்பிடியை இருவருமாகப் பிடித்து, அவன் சைகை காட்டியதும் சேர்ந்து இழுத்தார்கள். அதில் ஒன்றை வளைத்தபோது தண்டு வில்லாக வளைந்தது, ஒட்டு அசையவில்லை. அதைக் குமாரசாமியிடம் காட்டி, தோள் விஷயத்தையும் அவளே சொன்னாள். மறுவாரம் அவர் கைப்பிடியை எடுத்துவிட்டு கை பலம் இல்லாமலே அழுத்த எண்ணெய் ஜாக்கி பொருத்தினார். அவள் தடுத்து வைத்த பெட்டி பழைய இரும்புக்குப் போனது.

தோள் சரியாக நாலு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகும் எப்போதாவது அவன் ஒட்டு அவள் கையில் உடைவது உண்டு. அப்படி உடைகிற நாளில் வீட்டுக்குப் போகிற வழியில், கோபமா என்று கேட்பாள். இல்லை என்பான். பாதி வழி தாண்டுவதற்குள் அது நிஜமாகிவிடும்.