மாடியில் மிஷின், மடியில் லேப்டாப்

ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய விளையாட்டுச் சாமான் அது. மரத்தில் எழுத்தைச் சுட்டுப் பொறிக்கும் சின்ன லேசர் மிஷின். குரோம்பேட்டை வீட்டு ஹாலில்தான் முதலில் வைத்திருந்தேன். மனைவிக்கு நுரையீரல் கெட்டு, ஹாலில் போட்ட அவள் கட்டிலருகே ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்த அன்றே அதை மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவளுக்குப் புகை ஆகாது, சிலிண்டருக்கு நெருப்பு ஆகாது.

மிஷினை விற்றுவிடுகிறேன் என்றதற்கு அவள் சம்மதிக்கவில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் பைபிளிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் எடுப்போம். எப்போதும் அச்சடித்த அட்டைதான். இந்த முறை மர வில்லையில் பொறித்துத் தன் கையால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கடுத்த புத்தாண்டைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வசனங்களை அவள்தான் டைப் செய்தாள். லேப்டாப் அவள் மடியில், மிஷின் மாடியில். வயர் அவ்வளவு தூரம் எட்டாது. வைஃபையில் இணைக்கலாம் என்று உட்கார்ந்தேன். வருகிற மாதிரி வரும், போய்விடும். மிஷினைத் திட்டினேன், ரவுட்டரைத் திட்டினேன், கடைசியில் அவளையும் திட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிஷினோடு வந்த புத்தகத்தைப் படித்தாள்.

"என்னங்க, இதுக்கு டூ பாயிண்ட் ஃபோர் வைஃபைதான் பிடிக்குமாம். நம்ம ரவுட்டர்ல அதுவும் ஃபைவும் ஒரே பேர்ல இருக்கு. பிரிச்சு வேற பேர் வைங்க. இதெல்லாம் நீங்க எங்க படிச்சீங்க!"

பிரித்து வைத்தேன். இணைந்துவிட்டது.

ஓடுகிற லேசரைத் தனியே விடக் கூடாது என்பதால் நான் மேலேயே நிற்பேன். வில்லையைப் பொருத்திவிட்டுப் போனில், "வெச்சிட்டேம்மா" என்பேன். கீழே அவள் ஸ்டார்ட்டை அழுத்துவாள். மேலே நீல வெளிச்சம் நகர ஆரம்பிக்கும்.

"எழுத்து நேரா வருதா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பாள்.

"உன் வகிடு மாதிரி கோணலாத்தான் வருது."

சிரித்தால் இருமல் வரும். தெரிந்தும் சிரிக்க வைத்தேன். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள். மற்ற வில்லைகளெல்லாம் முடிந்திருந்தன. கடைசி ஒன்று மட்டும் நான் பொருத்தியபடியே மிஷினில் கிடந்தது.

அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். சிலிண்டரையும் வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு நாள் மிஷினை ஹாலுக்கே இறக்கினேன். அவள் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது, அங்கேயே வைத்தேன். லேப்டாப் ஒரு முழம் தள்ளி இருந்தது. பெட்டியோடு வந்த குட்டை வயர் தாராளமாக எட்டியது. ஸ்டார்ட்டை நானே அழுத்தினேன்.

வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறக்க அவசரமாக எழுந்தேன். பாதியில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.