ட்ரம்ஸுக்குப் பதிலாக நான் மிதித்த பாத்தி

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஐந்து பேரை; அதில் பெற்றது மூன்று. மரக்காணம் உப்பளத்தில் நான் மிதித்த பாத்தியில் உப்போடு சேறு வந்தது என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. போன தையில்தான் அந்தப் பேச்சு வரப் பார்த்தது.

மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்குகிற நேரம். பெரிய முதலியார்சாவடியில் வீடெடுத்துத் தங்கியிருந்த ராக் பேண்டு பிள்ளைகள் மூன்று பேர் மைக்கோடு வந்தார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டானாம். புதிதாகச் சேர்ந்த பாட்டுக்காரப் பெண் மெர்லின், ட்ரம்ஸே இல்லாமல் ஆல்பம் போடலாம் என்றாளாம். என் காலடிதான் தாளமாம்.

“வேற ஆளே கிடைக்கலையாப்பா?” என்றேன்.

“இது எக்ஸ்பெரிமெண்டுங்க ஆயா” என்றான் கிடார்காரன் வினோத். எனக்கு விளங்கவில்லை.

பக்கத்துப் பாத்தி செல்லம்மா, “அக்கா, சலங்கை கட்டிக்கினு எறங்கு!” என்று சிரித்தாள்.

ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். உள்ளே டிக் டிக் என்று சத்தம். அதற்குத் தப்பாமல் மிதிக்க வேண்டுமாம். மிதித்தேன். நாலு வரிசை போய்த் திரும்பிப் பார்த்தால், இளகின இடத்திலும் ஒரு மிதி, கெட்டியான இடத்திலும் ஒரு மிதி. கட்டைவிரலை ஊன்றினேன், புதைந்தது. இந்தத் தரையில் உப்பு வாரினால் சேறும் சேர்ந்து வரும். கோடை முழுக்கக் கெடுவது என் பெயர்.

ஹெட்போனைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு முதல் வரிசையிலிருந்து மறுபடி மிதித்தேன். வடக்கு மூலை மாதிரி இளகின இடத்தில் மூன்று, கெட்டியில் ஒன்று.

“ஆயா, பீட்டு போவுது! நிறுத்துங்க!” என்று கத்தினான் வினோத்.

“உன் பீட்டு போனா நாளைக்கு வரும். பாத்தி போனா எனக்கு வருசமே போச்சு.”

அவன் மெர்லின் பக்கம் திரும்பினான். “ட்ரம்ஸ் இல்லாம ஆவாதுன்னு அன்னிக்கே சொன்னனா?”

அவள் மைக்கை நிறுத்தவில்லை. “அவங்க மிதிக்கிறபடி நாம வாசிக்கலாம்டா.”

சித்திரையில் அந்தப் பாத்தியில் உப்பு வெள்ளையாக வந்தது. ஆல்பமும் வந்தது. வினோத்தோடு வந்து மெர்லின் போனில் போட்டுக் காட்டினாள். பாட்டா, இரைச்சலா, இன்னமும் எனக்குத் தெரியவில்லை. நடுவில் மூன்று மிதி கேட்டது.

“இது வடக்கு மூலையாச்சே!” என்றேன்.

“ஆமாங்க ஆயா, அந்த மூலைக்குத்தான் எனக்கு வாசிக்கவே வரல” என்றான் வினோத்.

உப்பளத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: யார் என்ன தாளம் சொன்னாலும், கட்டைவிரலை ஊன்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

எழுத்துக் கூட்டி நானேதான் எழுதினேன். ரோஸி, என் பேத்தி, இதைப் படித்துக் காட்டும்மா. எக்ஸ்பெரிமெண்டு வருகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் படி. இப்போதாவது எனக்கு விளங்குகிறதா பார்ப்போம்.