அஃப்ராவின் மாடியும் ஐந்து கிலோவாட்டும்

நாசரேத்து டேவிட்சன் சோலார் கம்பெனியில் சேர்ந்தது பேனல் விற்பதற்கு. ஆனால் பாதிப் பேரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"கரண்டு போனா இதுவும் நின்னுரும், அண்ணாச்சி. பகல்ல கிடைக்குத கரண்டுல மிச்சம் லைனுக்குப் போகும், அது பில்லுல கழியும். அவ்வளவுதான்" என்பார். கேட்டவர்கள் பேட்டரி வாங்கப் போய்விடுவார்கள். மேலாளர் கடைசியில் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் ஒரு ஆர்டராவது வரணும்வே. இல்லன்னா வீட்டுலயே இருந்துக்கிடும்."

அந்த ஒரு ஆர்டர் மாசக் கடைசியில் காயல்பட்டினத்தில் அகப்பட்டது. துபாயிலிருந்து அஃப்ஸல் கூப்பிட்டார். வீட்டில் மூன்று ஏசி, ஐந்து கிலோவாட் பேனல் தாங்கும், நிழல் விழாத மொட்டை மாடி. மானியம் போக, போட்ட காசு சில வருஷங்களில் திரும்பிவிடும். மறுக்க டேவிட்சனுக்கே ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உரிமையாளர் அஃப்ஸல் என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அங்கேதான் கோட்டை விட்டார். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து தங்குகிறவர். மின் இணைப்பு மாமியார் சக்கீனா பெயரில் இருந்தது.

"கையெழுத்து நான்தானே போடணும்? இது எத்தனை வருஷம் மாடியில கிடக்கும்?" கதவுக்குப் பின்னாலிருந்து சக்கீனா கேட்டார்.

"இருவத்தஞ்சு வருஷம், அம்மா."

"கீழ்வீட்ட மூத்தவளுக்குக் கொடுத்தாச்சு. இளையவ அஃப்ராவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால மாடியிலதான் வீடு கட்டணும்."

டேவிட்சனின் போனில் வீடியோ காலில் இருந்த அஃப்ஸல் அவசரமாகக் குறுக்கிட்டார். "அதுக்கென்ன மாமி, அப்ப கழட்டி மேல மாட்டிடலாம். இல்லையா டேவிட்சன்?"

"ஆமாம்" என்று ஒரு சொல் போதும், வேலை தப்பிவிடும்.

"மாட்டலாம் சார்" என்றார் டேவிட்சன். "ஆனா உப்புக் காத்துல துருப்பிடிச்ச ஸ்டாண்ட, வயர எல்லாம் புதுசா போடணும். மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போயிரும். மாடி கட்டுன பெறவு போடுங்க. இல்லன்னா அஃப்ராவ இருவத்தஞ்சு வருஷம் காத்திருக்கச் சொல்லுங்க."

உள்ளே அஃப்ரா சத்தமாகச் சிரித்தாள்.

"நீரு பேனல் விக்க வந்தீரா, கல்யாணம் பேச வந்தீரா?" அஃப்ஸல் கத்தினார்.

"மாப்ளை, சத்தம் போடாதீங்கோ. மொதல்ல மாடி." சக்கீனா கையை நீட்டி, போனை வாங்கி அணைத்தார்.

மறுநாள் டேவிட்சனுக்கு வேலை இல்லை. ஆனால் விஷயம் பரவிவிட்டது. சோலார் போட நினைத்தவர்கள் மற்ற கம்பெனிகள் கொடுத்த விலையை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போடலாமா என்று கேட்டார்கள். அவரும் மாடி மாடியாக ஏறிப் பார்த்து, சிலரைப் போடச் சொன்னார், பலரைத் தடுத்தார், டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தார்.

மனைவி ஜெப்ஸி ஒரு வாரம் பொறுத்தாள்.

"வேண்டாம்னு சொல்லுததுக்கும் கூலி உண்டுன்னு போர்டு வைங்க. இல்லன்னா நான் வைப்பேன்."

அவளே வைத்தாள்.