மழை வேஷமும் மாமாவின் ஊசியும்

பூந்தமல்லி ரோட்டில் கரும்பு லாரி கவிழ்ந்து, எங்கள் ஊர் நூம்பல் முழுக்க மூன்று நாள் சோற்றுக்குப் பதில் கரும்பு தின்றதே, அந்த வருஷம்தான் இது நடந்தது. கடித்துப் பல் போனவர்கள் கதை தனி. அதை எடுத்தால் முடியாது. எனக்கு எட்டு வயதிருக்கும்.

என் தாய்மாமாவுக்கு ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகம். சைக்கிள் கேரியரில் ஆர்மோனியப் பெட்டி, ஹேண்டில்பாரில் மருந்து பிளாஸ்க். பிளாஸ்க்கைக் கண்டால் தாய்மார்கள் பிள்ளைகளை வைக்கோல் போருக்குள் ஒளித்துவிடுவார்கள். மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்கிற பயம். ஆர்மோனியம் கேட்டால் அதே பிள்ளைகள் ஓடி வரும்.

மாமா நாடகம் கட்டுவார். அதில் வசனமே கிடையாது. தண்ணீர் கேட்கிறவனும் பாடித்தான் கேட்க வேண்டும். மூன்று வருஷமாக அவர் எழுதி மெட்டுப் போட்டது, ஓர் ஏரிக்கும் மழைக்கும் நடக்கிற சண்டை. தெருப்பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு மழை வேஷம். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம். ரேடியோவிலிருந்து ஒருவர் கேட்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். அதை மாமா சட்டைப் பையிலேயே வைத்திருந்ததில், வியர்வையில் மசி கலைந்துபோயிருந்தது.

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பக்கத்து வேலப்பன்சாவடிச் செங்கல் சூளையில் இரண்டு குழந்தைகளுக்குப் பெரியம்மை கண்டது. அன்று மாமா எங்கள் தெருவுக்கு வந்து ஆர்மோனியம் வாசித்தார். ஒத்திகை என்று நாங்கள் ஓடினோம். மற்றப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்தன. எல்லோரும் ஒத்திகைக் கொட்டகைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார். பல் வைத்த சின்னச் சக்கரம் போன்ற ஊசியை ஒவ்வொரு கையிலும் வைத்துத் திருகினார்.

"பாட்டு சொல்லித் தரேன்னுதான மாமா இட்டாந்த?" என்று அழுதேன்.

"பாடிகினே கைய காட்டுடா. மழை அழுவலாமா?"

விஷயம் தெரிந்து அம்மா ஓடி வந்தாள். "இன்னாடா தம்பி, ஊரையே ஏமாத்திகினு கீற? புள்ளைங்களுக்கு ஜொரம் வந்தா உன் கூத்து இன்னா ஆவும்?"

"வரும்க்கா. எட்டாம் நாளு, ஒம்பதாம் நாளு வரும்" என்றார் மாமா, ஊசியைத் துடைத்துக்கொண்டே.

வந்தது. கை வீங்கிக் கொப்புளம் கட்டியது. எங்கள் பக்கத்தில் ஊசிக் கொப்புளமும் ஆத்தாளின் முத்துதான். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை படி தாண்டக் கூடாது. நாடகத்தில் இருந்த ஒன்பது பேர் வாசலிலும் வேப்பிலை.

ஞாயிறு காலை மாமா வந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஊசி நல்லா எடுத்துகீது" என்றார். பிறகு தனியாகச் சைக்கிளை மிதித்துப் போனார்.

அப்பா பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஏரி, மழை, கொக்குகள் எல்லாவற்றையும் மாமா ஒருவரே பாடினாராம். ரேடியோக்காரர் பாதியில் மணியைப் பார்த்து, ஒரு சோடா குடித்து, கிளம்பிப் போனாராம். அப்புறம் கடிதம் வரவில்லை. மாமா அடுத்த நாடகமும் கட்டவில்லை.

நான் பல மாதம் அவரோடு பேசவில்லை. "மழைக்கு இன்னும் கோவம் தீர்லயா?" என்று வாசலில் நின்று கேட்பார். நான் உள்ளே ஓடிவிடுவேன்.

ஊசி போட்ட அந்த மாதம் சூளைக்குப் பின்னால் சின்னச் சின்னதாக மண்மேடுகள் எழுந்தன. எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. என் மழை வேஷம் போயிற்று, அவ்வளவுதான். நான் பாட முடியாமல் போனதில் மாமாவுக்குச் சந்தோஷம், அதனால்தான் அன்று என் கையைப் பார்த்துச் சிரித்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பதினொரு வருஷம் ஊசி போட்ட மனிதருக்கு ஒன்பது நாள் எண்ணத் தெரியாதா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் பாட்டு எந்த ரேடியோவிலும் வந்ததில்லை. நீங்களாவது உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.