ஹயாசேயின் கடைசி வரி

1994இல் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் தொமோஜி ஹயாசே. வயது அறுபத்துமூன்று. ஜப்பானில் நாற்பது விஞ்ஞானக் கதைகள் எழுதிப் பெயர் எடுத்தவர் என்றபோது நான் நம்பவில்லை. கனடாவுக்கு வந்தபின் ஊரில் தாங்கள் யார் யாராக இருந்தோம் என்று அளக்கிறதில் எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒருநாள் பழைய சஞ்சிகைகளைக் கொண்டுவந்தார். அட்டையில் விண்கலம், உள்ளே அவர் படம்.

அவருடைய கதைகள் எல்லாம் ஒரே கதைதான். ஒரு பெண் விண்கலத்தில் ஏறிப் போவாள். ஒருவன் தரையில் காத்திருப்பான். மனைவி கியோகோ 1968இல் ஒரு காலை பெட்டியோடு போனவள், திரும்பவில்லை. அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினார். ஏழு வருடம் எழுதிவிட்டு, ரொறன்ரோவுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். அவள் திரும்பி வந்தால் சொல்லும்படி, ஜப்பானில் பழைய அயலவர்களிடம் மட்டும் இங்குள்ள போன் நம்பரைக் கொடுத்திருந்தார். டோர்செட் பார்க் பகுதியில் இருந்த அவர் வீட்டில் போன் அடித்தால் மனிதர் விழுந்தடித்து ஓடுவார்.

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கதையைத் தானே ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். நான் அதைத் தமிழாக்கினேன். விண்கலத்தின் கதவடியில் அவள் சொல்லும் கடைசி வரியை, ஆங்கிலத்தில் இருந்தபடியே, 'நான் போறன்' என்று போட்டேன்.

பத்திரிகை வந்த அன்றே என் மனைவி றீற்றா பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா, வாசல்ல நிண்டு ஆரும் போறன் எண்டு சொல்லுவினமே? அவள் சாகப்போறாள் எண்டெல்லோ நினைச்சன். போட்டு வாறன் எண்டு எழுதத் தெரியாதே?"

மறுநாள் வேலையில் இதை ஹயாசேயிடம் எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார்.

"எங்களுக்கும் அப்படித்தான். 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வோம். ஜப்பானியத்தில் அப்படித்தான் எழுதினேன்."

"பிறகு ஏன் ஆங்கிலத்தில் மாற்றினீர்கள்?"

"கியோகோ அன்று 'போகிறேன்' என்றுதான் சொன்னாள். நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, கவனிக்கவில்லை. அதை என் மொழியில் எழுத இருபத்தாறு வருடமாகக் கை வரவில்லை."

அப்படியென்றால் தமிழில் இருப்பதுதான் சரி, விட்டுவிடுவோம் என்றேன்.

"வேண்டாம், திருத்தம் போடுங்கள்" என்றார். "என் மொழியில் 'போய் வருகிறேன்' பொய் என்று எனக்குத் தெரியும். தமிழ் எனக்குத் தெரியாதே. அதிலாவது அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கட்டும்."