புரட்டாசிச் சனிக்கிழமை போட்ட கோவிந்தா

போன வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் பேசாதீங்க. குசுகுசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார். ஆவி பிடிக்கச் சொன்னார். வெந்நீர் ஆவி முகத்தில் பட்டதும் கன்னியம்மாதான் வந்து நின்றாள். என் பெண்சாதி.

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். சொந்த ஊரான பாலசமுத்திரத்தில் எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. இன்று திருப்பதியில் எனக்கு மூன்று ஓட்டல். என்னைப்போல் உழைத்தவன் ஒருத்தனைக் காட்டுங்கள், பார்ப்போம்! ஆனாலும் முதல் கடைக்குக் கூட்டம் சேர்த்தது அவள் தொண்டைதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்று, "வாண்ணா, நம்மூரு சோறு, சுடச்சுட சாம்பாரு! ரா அன்னா, வேடி சாம்பார்!" என்று தமிழ், தெலுங்கு இரண்டு பாஷையிலும் கூவுவாள். வேலூர் பஸ்ஸில் வந்தவர்கள் பையோடு நேரே எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். பக்கத்துக் கடைக்காரன் போட்டிக்கு டேப்பில் பாட்டு வைத்தான். "இன்னாய்யா, உன் பொட்டிக்கு சோறு போடலியா? கம்முனு கெடக்குதே!" என்று சிரித்தாள். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் குரல் கம்மியது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். திறக்கவில்லை, மகராசி. கைதட்டித்தான் என்னைக் கூப்பிட்டாள். குரல் திரும்பியது. ஆனால் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளே! புரட்டாசிச் சனிக்கிழமை மலைக்கு நடந்து கிளம்பிவிட்டாள்.

"மெதுவா கோவிந்தா போடு" என்றேன்.

"வேண்டிக்கினு வாயிக்குள்ளயா போடுவாங்க? சாமி குடுத்த கொரலு, சாமிக்குக் கேக்க வாணாமா?"

அவள் போட, பின்னால் வந்த கூட்டம் பதில் போட்டது. மேலே போகப் போக அவள் வாய்தான் அசைந்தது. கூட்டம் அந்த வாயைப் பார்த்தே, "கோவிந்தா!" என்றது.

அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது.

பையன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"நைனா, அம்மா லைன்ல இருக்குதா? ஒண்ணுமே கேக்கலியே."

"பேசிக்கினுதான்டா இருக்குது. துன்னியான்னு கேக்குது."

"துன்னேன்னு சொல்லு நைனா."

சொல்வேன். அவள் தலையாட்டுவாள்.

அவளும் போய்விட்டாள். இப்போது போனில் அவன் முகமே தெரிகிறது. பழக்கத்தில், "துன்னியாடா?" என்கிறேன்.

"துன்னேன் நைனா" என்கிறான்.

அதை யாரிடம் சொல்வது?